ஈரத் திப்பியைப் புளிக்க வைத்துக் கறி வாத்துக்குக் கொடுப்பது: அளவு, முறை, சந்தேகங்கள்

தலைவாசல்_வாத்து

வணக்கம். வெள்ளை பெக்கின் இனக் கறி வாத்து 300 உருப்படி, இன்றைக்கு 18 நாள் வயது. கடைத் தீவனம் மட்டுமே போட்டால் கட்டுப்படியாகாது போல இருக்கிறது. சேகோ (ஜவ்வரிசி) ஆலை பக்கத்திலேயே இருப்பதால் ஈரத் திப்பி, அதாவது மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை, கிலோ 2 ரூபாய்க்கு வாசலில் இறக்கித் தருகிறார்கள்.

திப்பியில் ஈஸ்ட்டும் கொஞ்சம் யூரியாவும் போட்டுப் புளிக்க வைத்தால் புரதம் 2-லிருந்து 8 சதவீதத்துக்கு ஏறும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். ஆய்வக ரிப்போர்ட்டும் காட்டினார்கள். இது நிஜமா? நிஜமென்றால் மக்காச்சோளத்தையும் சோயாவையும் எவ்வளவு குறைக்கலாம்? சோதனைக்கு யூரியா இல்லாமல் ஒரு டிரம் போட்டதில் ஆறாம் நாள் மேலே வெள்ளையாக ஏடு கட்டியிருக்கிறது. அதைக் கலக்கிவிட்டுக் கொடுக்கலாமா? ஆலையில் கிழங்குத் தோலும் சும்மா கிடைக்கிறது, அதையும் சேர்க்கலாமா?

கலவைக்கணக்கு

யூரியா மூட்டையை முதலில் மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பிவிடுங்கள் தம்பி. மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த ரிப்போர்ட் பொய்யில்லை, படித்த விதம்தான் தப்பு. ஆய்வகத்தில் புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். யூரியாவில் 46% நைட்ரஜன். ஒரு கிலோ யூரியா அந்தக் கணக்கில் 2.87 கிலோ 'புரதம்' ஆகிவிடும். 100 கிலோ காய்ந்த திப்பியில் இயல்பாக இருப்பது இரண்டரை கிலோ புரதம். 2 கிலோ யூரியாவைத் தூவினாலே, புளிக்கவே வைக்காமல், ரிப்போர்ட்டில் 8% வந்துவிடும். மாட்டுக்கு முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர் அந்த யூரியாவைப் புரதமாக்கித் தரும். வாத்துக்கு அந்த வயிறு கிடையாது. அளவு கூடினால் விஷம்தான்.

யூரியா இல்லாமல் வெறும் ஈஸ்ட்டோ தயிரோ போட்டால்? டிரம்முக்குள் வெளியிலிருந்து நைட்ரஜன் எதுவும் வரவில்லை. நுண்ணுயிர் மாவைத் தின்று கரியமில வாயுவாக விடுகிறது, எடை குறைகிறது. 100 கிலோ 80 ஆனால் அதே இரண்டரை கிலோ புரதம் 3.1% என்று தெரியும். இழந்தது 20 கிலோ மாவு. 'புரதம் ஏறியது' என்று கொண்டாடுவதில் பாதிக்குமேல் இப்படித்தான்.

அப்படியானால் எதற்குப் புளிக்க வைப்பது? மூன்று காரணம். ஒன்று, 80% தண்ணீர் உள்ள சரக்கு நம் வெயிலில் இரண்டு நாளில் அழுகிவிடும். புளிப்பு அதைக் காப்பாற்றுகிறது. இரண்டு, மரவள்ளியில் மிச்சமிருக்கும் சயனைடு குறைகிறது. மூன்று, தவிட்டைச் சேர்த்துப் புளிக்க வைத்தால் தவிட்டில் ஃபைட்டேட்டாகப் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸ் ஓரளவு விடுபடும். இந்த மூன்றுக்காகச் செய்யுங்கள், புரதத்துக்காக வேண்டாம்.

விலைக் கணக்கு: ஈரத் திப்பி கிலோ 2 ரூபாய் என்றால் கையில் வருவது 200 கிராம் காய்ந்த பொருள். ஆக, காய்ந்த எடைக்குக் கிலோ 10 ரூபாய். பிழியும் கூலியையும், புளிக்க வைக்கச் சேர்க்கும் மொலாசஸையும் (சர்க்கரை ஆலைப் பாகு) இதன்மேல் போடுங்கள். இன்னொன்றும் உண்டு. 100 கிலோ தீவனத்தில் 15 கிலோ மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் திப்பி வைத்தால் கிட்டத்தட்ட 1 கிலோ புரதம் குறையும். அதை ஈடுகட்ட சுமார் 2 கிலோ சோயா கூடுதலாகப் போட வேண்டும். சோயாவைக் குறைக்க முடியாது, கூட்டத்தான் வேண்டியிருக்கும். இவ்வளவையும் கழித்த பிறகும் உங்கள் விலையில் லாபம் நிற்கும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் வீடியோவில் சொன்ன அளவுக்கு நிற்காது.

இரண்டு வாரம் முடிந்த பெக்கினுக்கு 16-17% புரதமும் 2,900 கிலோகலோரிப் பக்கம் ஆற்றலும் இருந்தால் போதும். திப்பியை 15 சதவீதத்தில் நிறுத்தி 100 கிலோவுக்கு (எல்லாமே பத்து சதவீத ஈரம் உள்ள காய்ந்த சரக்காக எண்ணி) இப்படிப் போடலாம்: மக்காச்சோளம் 40, திப்பி 15, புது அரிசித் தவிடு 12, சோயா புண்ணாக்கு 24, தேங்காய்ப் புண்ணாக்கு 5, எண்ணெய் 1.5, மீதி இரண்டரை கிலோவில் டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) 1.2 கிலோ, கல்சுண்ணாம்புத் தூள் 600 கிராம், உப்பு 250 கிராம், வைட்டமின்-தாது கலவை 250 கிராம், மெத்தியோனின் 100 கிராம், கோலின் 100 கிராம். புரதம் 17-ஐ ஒட்டி வரும், ஆற்றல் 2,800 பக்கம். கொஞ்சம் குறைவுதான். வாத்து அந்தக் குறையைக் கூடுதலாகத் தின்று சரிசெய்துகொள்ளும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மெத்தியோனினை மட்டும் விட்டுவிடாதீர்கள். சயனைடை உடம்பு தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்றக் கந்தகம் வேண்டும். அந்தக் கந்தகம் மெத்தியோனினிலிருந்துதான் போகிறது. மரவள்ளி கொடுக்கும் இடத்தில் மெத்தியோனின் குறைந்தால் முதலில் இறகு சரியாக வராது, பிறகு எடை நின்றுபோகும்.

புளிப்பு_டிரம்

மேலே சொன்ன கணக்குக்கு டிரம் போடும் முறை.

200 லிட்டர் நீல டிரம், மூடியைச் சுற்றி இரும்பு வளையம் போட்டு இறுக்கும் வகை. ரசாயனம் வந்த பழைய டிரம் வேண்டவே வேண்டாம். ஒரு டிரம்முக்கு ஈரத் திப்பி 200 கிலோ, அதுவும் அன்றைக்கு ஆலையில் இருந்து வந்தது. இதைச் சாக்கில் கட்டி மேலே கல் ஏற்றி ஒரு இரவு வடிய விடுங்கள். திப்பி தண்ணீரை லேசில் விடாது, வெறும் கல் பாரத்தில் பாதிதான் இறங்கும். காலையில் சிமென்ட் களத்தில் மெல்லிசாகப் பரப்பி இரண்டு முறை கிளறிவிடுங்கள். எடை 200-லிருந்து 115 கிலோவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். கண் அளவு வேண்டாம், தராசில் வையுங்கள். பரப்பிக் கிளறும்போதே சயனைடும் ஒரு பங்கு காற்றோடு போய்விடும்.

அதோடு புதுத் தவிடு 36 கிலோ. அரைத்து நாலு நாளுக்கு மேலான எண்ணெய்த் தவிடு காறிப்போயிருக்கும், புளிப்பு அதைச் சரிசெய்யாது. மொலாசஸ் 3 கிலோவை 3 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அதில் 2 லிட்டர் புளித்த மோரோ பழைய சோற்று நீராகாரமோ கலந்து தெளியுங்கள். கடையில் விற்கும் கரைசல் வாங்கியே ஆகவேண்டும் என்றில்லை. இட்லி மாவைப் பொங்க வைக்கும் அதே லாக்டிக் அமிலக் கூட்டம்தான் இங்கேயும் வேலை செய்யப் போகிறது, அது தவிட்டிலேயே இருக்கிறது. மோர் ஊற்றுவது முதல் நாள் வேகத்துக்காக.

கலந்ததை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரல் இடுக்கில் சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னும் தவிடு, உருண்டை உடைந்தால் கொஞ்சம் தண்ணீர். டிரம்மில் ஒரு சாண் ஒரு சாணாகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் மிதித்து இறுக்குங்கள். டிரம் கழுத்து வரை வர வேண்டும். மேலே பாலித்தீன் விரித்து, அதன்மேல் மணல் மூட்டை வைத்து, பிறகு மூடி. உங்கள் டிரம்மில் ஏடு கட்டியதற்குத் தப்பு இங்கேதான் நடந்திருக்கும். அரை டிரம் போட்டு மூடியிருப்பீர்கள், மேலே அரை டிரம் காற்று.

அந்த வெள்ளை ஏடு காற்றில் வளரும் ஈஸ்ட். அதுவே விஷமில்லை. ஆனால் அது லாக்டிக் அமிலத்தைத் தின்னும், புளிப்பு இறங்கும், பின்னாலேயே பூஞ்சை வரும். கலக்கிவிடவே கூடாது. மேலிருந்து நாலு விரல் ஆழத்துக்கு வழித்து உரக் குழியில் போட்டுவிட்டு, கீழே உள்ளதை முகர்ந்து, பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பார்த்து முடிவு செய்யுங்கள். 10 கிராம் எடுத்து 50 மில்லி நல்ல தண்ணீரில் கலக்கி, பத்து நிமிடம் கழித்து பிஎச் தாளை நனையுங்கள். 4.2 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் நல்ல சரக்கு. 4.5-க்கு மேல் என்றால் வாத்துக்கு வேண்டாம்.

சேலம், ஆத்தூர் வெயிலுக்கு ஐந்து நாள் போதும், டிரம் நிழலில் இருக்கட்டும். மார்கழி தையில் ஏழெட்டு நாள். திறந்த டிரம்மை ஐந்தாறு நாளில் காலி செய்துவிட வேண்டும். தினமும் எடுத்த பிறகு மேல்பரப்பைத் தட்டி இறுக்கி, பாலித்தீனை ஒட்டிப் போடுங்கள்.

தோல் வேண்டாம். கிழங்கிலேயே சயனைடு கூடுதலாக இருப்பது தோலில்தான். மண்ணும் ஒட்டியிருக்கும். பொடியாக நறுக்கி, புளிக்க வைத்து, காயவும் வைத்தால்தான் ஓரளவு குறையும். அந்த வேலைக்கு அதில் சத்து இல்லை.

தலைவாசல்_வாத்து

அண்ணே, ரொம்ப நன்றி. அரை டிரம்தான் போட்டேன், சரியாகச் சொல்லிவிட்டீர்கள். பிஎச் தாள் வாங்கிவிட்டேன்.

இன்னும் சில சந்தேகம். 15 கிலோ திப்பி என்பது டிரம்மில் இருந்து எடுக்கும்போது எத்தனை கிலோ? சோயாவுக்குப் பதில் கடலைப் புண்ணாக்கு போட்டால் மலிவாக முடியுமே? பீர் கம்பெனிக் கழிவும் ஒருவர் தருகிறேன் என்கிறார். பிறகு இரண்டு குஞ்சுக்குக் கால் வளைந்தது போல இருக்கிறது, நடக்கவே யோசிக்கிறது.

கலவைக்கணக்கு

டிரம் கலவையில் ஈரம் 52% பக்கம். 15 கிலோ திப்பியும் 12 கிலோ தவிடும் சேர்ந்த 27 கிலோ காய்ந்த சரக்கு, டிரம்மில் இருந்து எடுக்கும்போது சுமார் 50 கிலோ. ஆக, மீதி 73 கிலோ காய்ந்த கலவைக்கு 50 கிலோ டிரம் கலவை. கலந்தால் உதிரியான ஈரப்பதத்தில் வரும், வாத்துக்கு அதுதான் பிடிக்கும். நான்காம் வாரத்தில் ஒரு வாத்துக்குக் காய்ந்த கணக்கில் 180 கிராம் வைத்தால் 300-க்கு 54 கிலோ. அதில் டிரம் பங்கு 27 கிலோ. ஒரு டிரம் ஐந்தரை நாள் வரும். எனவே மூன்று டிரம் வேண்டும். ஒன்றில் எடுப்பீர்கள், ஒன்று புளித்துக்கொண்டிருக்கும், ஒன்றைக் கழுவி நிரப்புவீர்கள்.

ஒரேயடியாக 15-க்குப் போகாதீர்கள். 18 நாள் குஞ்சுக்கு முதல் நாலைந்து நாள் 5%, பிறகு 10, நான்காம் வாரக் கடைசியில் 15. முதல் இரண்டு வாரக் குஞ்சுக்கு எப்போதுமே வேண்டாம். அதற்கு 22% புரதம் வேண்டும், இரைப்பையில் இடம் குறைவு, தண்ணீரும் நாரும் அடைத்துக்கொண்டால் வளர்ச்சி போச்சு.

வாத்து_வைத்தியம்

கடலைப் புண்ணாக்கு பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. கூடவே வாத்துக்குஞ்சுகளும் போயின. பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்கில்தான் கோளாறு என்று பிடித்தார்கள். அதில் இருந்த பூஞ்சை விஷத்துக்கு அஃப்ளடாக்சின் என்ற பெயரே அதற்குப் பிறகு வந்ததுதான். அந்த விஷம் இருக்கிறதா என்று பார்க்க, பிறகு ஒருநாள் வாத்துக்குஞ்சையே சோதனைப் பிராணியாக வைத்துக்கொண்டார்கள். அந்த அளவுக்கு வாத்தின் ஈரல் அதற்குத் தாங்காது. கோழி தின்று சமாளிக்கும் சரக்கில் வாத்து சாகும். 'பக்கத்துக் கோழிப் பண்ணையில் இதே புண்ணாக்குதான் போடுகிறார்கள்' என்பது வாத்துக்குச் சான்றிதழ் ஆகாது.

புளிக்க வைத்தால் விஷம் முறிந்துவிடும் என்று நம்பி யாரும் இறங்காதீர்கள். லாக்டிக் புளிப்பு புதிதாகப் பூஞ்சை வளராமல் தடுக்கும். ஏற்கெனவே உள்ள அஃப்ளடாக்சின் பெரும்பாலும் அப்படியே நிற்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. சோளத்தையும் 14% ஈரத்துக்கு மேல் வாங்காதீர்கள். தேங்காய்ப் புண்ணாக்கை உடைத்து உள்பக்கம் முகர்ந்து பாருங்கள், மக்கல் வாடை இருந்தால் திருப்பி அனுப்புங்கள். அரிசி எத்தனால் ஆலையில் இருந்து வரும் காய்ந்த சக்கையான டிடிஜிஎஸ் புரதத்தில் கெட்டி, 40 சதவீதத்துக்கு மேல். ஆனால் மாவு போன பிறகு மிஞ்சுவது அது. தானியத்தில் இருந்த விஷம் பல மடங்காகச் செறிந்திருக்கும். லோடு மாறும்போதெல்லாம் பரிசோதிக்காமல் வாத்துக்குப் போடாதீர்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் மாதிரி கொடுக்கலாம். மூட்டையின் மேலே மட்டும் அள்ளாமல் பத்து மூட்டையில் அடி, நடு, மேல் என்று எடுத்துக் கலந்து அரை கிலோ கொடுங்கள்.

பருத்திப் புண்ணாக்கு, இலுப்பைப் புண்ணாக்கு, ஆமணக்குப் புண்ணாக்கு மூன்றும் இந்தப் பக்கமே வேண்டாம்.

கால் வளைவது: முதல் சந்தேகம் நியாசின் என்ற பி வைட்டமின் குறைவு. வாத்துக்குக் கிலோ தீவனத்துக்கு 55 மில்லிகிராம் வேண்டும். கறிக்கோழிக் குஞ்சுக்கு 35 போதும். பிராய்லர் தீவனமோ பிராய்லர் வைட்டமின் கலவையோ வாங்கிப் போட்டால் இங்கேதான் அடிபடும். தவிட்டில் நியாசின் நிறைய இருப்பதாகப் பட்டியல் சொல்லும், ஆனால் பெரும்பகுதி கட்டுண்டு கிடப்பதால் பறவைக்குக் கிடைக்காது. 100 கிலோ தீவனத்துக்கு நியாசின் தூள் 5 கிராம், முதலில் ஒரு கிலோ தவிட்டில் நன்றாகக் கலந்து, பிறகு மொத்தத்தில் சேருங்கள். காய்ந்த பீர் ஈஸ்ட் கிடைத்தால் அதுவும் நல்லது. கணுக்கால் மூட்டு வீங்கி, கால் ஏற்கெனவே கோணிப்போன குஞ்சு திரும்புவது கடினம். இப்போதுதான் தயங்குகிறது என்றால் ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். தரை வழுக்குகிறதா என்றும் பாருங்கள். சிமென்ட் தரையில் ஈரத் தீவனம் சிந்தினாலும் கால் விரியும்.

புளிப்பு_டிரம்

பீர் கழிவு நல்ல சரக்குதான். காய்ந்த கணக்கில் 20-25% புரதம் உண்டு. ஆனால் ஈரம் 75-80%, நார் அதிகம். லாரி வந்த அன்றே டிரம்மில் ஏற்ற முடிந்தால் மட்டும் வாங்குங்கள். ஒரு இரவு குவியலாகக் கிடந்தால் உள்ளே சூடேறிவிடும். காய்ந்த கணக்கில் 10 சதவீதத்தைத் தாண்டாமல், திப்பிக்குப் பதிலாக அல்ல, தேங்காய்ப் புண்ணாக்கையும் சோயாவில் கொஞ்சத்தையும் குறைத்து அந்த இடத்தில் வையுங்கள்.

டிரம்மைத் திறந்ததும் மூக்குதான் முதல் கருவி. மோர், ஊறுகாய் போன்ற புளிப்பு வாடை சரி. கள் வாடை லேசாக வந்தால் ஈஸ்ட் மிஞ்சியிருக்கிறது, மொலாசஸ் கூடிவிட்டது என்று அர்த்தம். அரை மணி நேரம் பரப்பி ஆறவிட்டுப் போடலாம். சாணக்குழி, அழுகிய வெண்ணெய் வாடை வந்தால் ஈரம் கூடிப்போய்த் தப்பான பாக்டீரியா ஏறியிருக்கிறது, முழு டிரம்மையும் உரக் குழியில் கொட்டுங்கள். பச்சை, கறுப்பு, ஆரஞ்சுப் பூஞ்சை எங்கே தெரிந்தாலும் அதே தீர்ப்பு. வழித்துவிட்டு மீதியைக் காப்பாற்றுவது வெள்ளை ஏட்டுக்கு மட்டும்.

துத்தநாகப் பூச்சுள்ள தகரத் தட்டில் இந்தத் தீவனத்தை வைக்காதீர்கள். புளிப்பு துத்தநாகத்தைக் கரைக்கும், அது வாத்துக்கு ஆகாது. பிளாஸ்டிக் தொட்டி போதும். காலை ஒன்று, மாலை ஒன்று என்று இரண்டு வேளை, ஒவ்வொன்றும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் காலியாகும் அளவு. பக்கத்தில் அலகும் மூக்குத் துவாரமும் முங்கும் ஆழத்துக்குத் தண்ணீர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கில் தீவனம் அப்பி அடைத்துக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டியைக் கம்பி வலைமேல் வைத்து அடியில் வாய்க்கால் விட்டால் படுக்கை நனையாது.

வாத்து_வைத்தியம்

ஒன்றை விட்டுவிட்டேன். கழுத்து தொங்கி, தலையைத் தூக்க முடியாமல், கால் இழுத்துக்கொண்டு கிடந்தால் பொட்டுலிசம் (அழுகலில் வளரும் ஒரு கிருமியின் விஷத்தால் வரும் வாதம்) என்று சந்தேகப்படுங்கள். பிஎச் 4.2-ல் இருக்கும் நல்ல டிரம்மில் அந்தக் கிருமி வளராது. அது வருவது தொட்டி ஓரம் சிந்தி நாலு நாள் அழுகிய சேற்றிலும், மூலையில் செத்துக் கிடக்கும் வாத்திலும் எலியிலும், அதில் நெளியும் புழுவிலும். வாத்து அந்தப் புழுவை ஆசையாகப் பொறுக்கும். சிந்தியதைத் தினமும் வழித்து எடுங்கள், செத்ததை அன்றே புதையுங்கள். ஒன்றிரண்டு தொங்க ஆரம்பித்தால் டிரம்மை நிறுத்தி, நல்ல தண்ணீர் கொடுத்து, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கலவைக்கணக்கு

கடைசியாகத் தராசு. 300-க்கும் ஒரே நாளில் மாற்றாமல் 30 வாத்தைத் தனியாக அடைத்து அதற்கு மட்டும் பழைய தீவனமே போடுங்கள். வாரா வாரம் இரண்டு பக்கத்திலும் 20 வாத்து, காலைத் தீவனத்துக்கு முன்னால் எடை. வெள்ளை பெக்கின் நம் ஊர் வளர்ப்பில் 40 நாளில் 2.2-இலிருந்து 2.5 கிலோ வரும், ஒரு கிலோ எடைக்கு 2.3-இலிருந்து 2.7 கிலோ தீவனம் ஆகும். புளித்த கலவையை எடை போடும்போது ஈரத்தைக் கழித்து எழுதுங்கள். 10 கிலோ டிரம் கலவை என்றால் நோட்டில் ஐந்தரை கிலோவுக்கும் குறைவு. பலரும் ஈர எடையை அப்படியே எழுதிவிட்டு 'தீவனம் அதிகம் தின்கிறது' என்று டிரம்மைக் குறை சொல்கிறார்கள்.

கிலோ எடைக்கு ஆன தீவனச் செலவு இரண்டு பக்கத்திலும் ஒன்றாகவே இருந்தால் திப்பியை 10%-க்கு இறக்குங்கள். தோல் கொஞ்சம் வெளுத்து வருகிறது என்று வியாபாரி சொல்லக்கூடும். சோளம் குறைந்ததால் மஞ்சள் நிறமி குறைகிறது, அவ்வளவுதான். நிறம் பார்த்து வாங்கும் வியாபாரியாக இருந்தால் கடைசிப் பத்து நாளில் சோளத்தைப் பழையபடி ஏற்றிவிடுங்கள்.

தலைவாசல்_வாத்து

சரிண்ணே. நாளைக்கு முதல் டிரம், கழுத்து வரை. 30 வாத்தை இப்போதே தனியாகப் பிரித்துவிட்டேன். நியாசின் தூள் ஆத்தூரில் கிடைக்கவில்லை, நாமக்கல்லில் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டாம் வார எடையை இங்கேயே போடுகிறேன்.